பிரசன்னா செய்த துப்பாக்கி

செப்டம்பர் 20, சனி

காலை பத்து மணிக்கே 93 டிகிரி ஃபாரன்ஹீட். புல் வெட்டவில்லை. உமா இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்வதற்குள் காரை எடுத்துவிட்டேன்.

பிரசன்னா வீட்டுக்குப் போனேன். போயிருக்கவே கூடாது.

துப்பாக்கி முடிந்துவிட்டது. இரண்டு வருடமாக அவன் கராஜில் துண்டு துண்டாகப் பார்த்தது. இன்று முழுசாக, பழைய பெட்ஷீட் மேல். "என்ன அண்ணா, பேசவே மாட்டேங்கறீங்க? நல்லா இல்லையா?" என்றான். "நல்லா இருக்குடா" என்றேன்.

குறை ஏதாவது கிடைக்குமா என்று தேடியதில்:

கட்டை (துப்பாக்கியின் மரப் பகுதி) - வால்நட் மரம். ரேகை கைப்பிடியில் வளைவோடு சேர்ந்து வளைகிறது. அப்படி ஓடினால்தான் மரம் உடையாது. பார்த்து வெட்டியிருக்கிறான்.

மரமும் இரும்பும் சேரும் இடம் - அவன் தண்ணீர் எடுக்க உள்ளே போனபோது விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. பர்ஸிலிருந்த ரசீதைக்கூட முயற்சி செய்தேன். ம்ஹூம்.

போல்ட் (குண்டை உள்ளே தள்ளிப் பூட்டுகிற தண்டு) - பழைய ராணுவத் துப்பாக்கியிலிருந்து எடுத்தது. மேலே தூக்கி இழுத்தால் சத்தமே இல்லை. துப்பாக்கியைச் சாய்த்தால் தன் கனத்திலேயே சறுக்கி வருகிறது.

கைப்பிடியில் வைர வைரமாகக் கட்டங்கள், கையால் வெட்டியது. ஒரே ஒரு கோடு முனையில் மயிரிழை தாண்டி ஓடியிருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கேதான் எழுத முடியும்.

பேரல் (குழல்) - நீலமும் கறுப்புமாக ஒரு நிறம். பூச்சு இல்லை. இரும்பில் மருந்து தடவித் துருப்பிடிக்க வைத்து, கொதிக்கும் நீரில் போட்டுத் துருவைக் கறுக்க வைத்து, தேய்த்து, மறுபடி துருப்பிடிக்க வைத்து, இப்படி ஏழு தடவை.

இவன் சாஃப்ட்வேர்காரன். இரண்டு வருடம் முன்னால் அரத்தைத் தோசைக்கரண்டி மாதிரிப் பிடித்தவன். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டியது நான். இரும்பில் விளக்குக் கரி தடவி மரத்தில் அழுத்து, கரி பட்ட இடத்தை மட்டும் சுரண்டு என்று சொன்னதும் நான். ஐ.டி.ஐ. ஃபிட்டர், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒன்பது வருடம் டூல் ரூமில் அச்சும் கருவியும் செய்தவன். இங்கே பன்னிரண்டு வருடமாக மற்றவர்கள் செய்ததை அளக்கிற வேலை. நானாக ஒன்று செய்து எத்தனை வருடம் ஆயிற்று?

வேட்டை லைசென்ஸ் வகுப்புக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். பிளாஸ்டிக் துப்பாக்கியை வைத்து வேலி தாண்டப் பழகினோம்: குண்டை எடு, போல்ட்டைத் திற, கூட வருகிறவன் கையில் கொடு, அல்லது தரையில் வை, அப்புறம் தாண்டு. எனக்கு ஜோடி அவன்தான். சிரித்துச் சிரித்து வாத்தியாரிடம் திட்டு வாங்கினோம்.

அவன் என்னை மறைத்தாலாவது திட்டலாம். எல்லோரிடமும் "அண்ணா சொல்லிக் குடுத்தது" என்கிறான். அதுதான் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

கொலுப் பெட்டிகளைக் கராஜ் பரணிலிருந்து இறக்கினேன். தோள் வலி. கூடவே என் வால்நட் கட்டையும் வந்தது. வருடம் இரண்டு ஆகிறது. பிரசன்னாவும் நானும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மரத்தில் அறுத்த இரண்டு துண்டுகளை ஆளுக்கு ஒன்றாக வாங்கினோம். அவனுடையது அப்படி ஆயிற்று. என்னுடையது பரணில்.

உமா கையால் தடவிப் பார்த்தாள். "இது நல்ல கனமா இருக்கே. கீழ்ப்படிக்கு வெச்சுக்கறேன்."

"அது துப்பாக்கிக் கட்டை."

"ரெண்டு வருஷமா சும்மாதானே கெடக்கு? ஒம்போது நாளாவது உபயோகமா இருக்கட்டும்."

இப்போது அதன் மேல் செட்டியார் பொம்மை, அவர் மளிகைக் கடை, சின்னத் தராசு. பட்டுத்துணி போர்த்தியிருக்கிறது.

ஏன் செய்யவில்லை என்று கேட்டால் சொல்ல நிறைய இருக்கிறது. ஓவர்டைம். தோள். மகள் காலேஜ். உண்மை: கெட்டுப்போய்விடுமோ என்ற பயம். டூல் ரூம் ஆள் செய்து கெட்டுப்போனால் அது வேறு.

செப்டம்பர் 27, சனி

பிரசன்னா வீட்டுக் கொலு. சுண்டல் நன்றாக இருந்தது (கொண்டைக்கடலை). பெண்கள் ஹாலில். ஆண்கள் எல்லோரும் கராஜில், துப்பாக்கியைச் சுற்றி. நான் ஃப்ரிட்ஜ் ஓரமாக.

"கையிலயா பண்ணினீங்க? சும்மா சொல்லாதீங்க!"

"இதுக்கு கடையில எவ்ளோ கேப்பான் தெரியுமா?"

"மரத்தைத் தொட்டா வழுவழுன்னு இருக்கு பாஸ்."

பிரசன்னா என்னைக் கைகாட்டினான். "ஃபைல் புடிக்கக் கத்துக் குடுத்ததே மூர்த்தி அண்ணாதான்." உடனே ஒருவர், "அப்ப உங்களோடது எங்க சார்? டூல் ரூம் ஆளாச்சே?" என்றார்.

"மரம் இன்னும் காயணும்" என்றேன்.

சுண்டல் கிண்ணம் எடுக்க வந்த உமா வாசலில் நின்று, "காயறதா? அது மேல செட்டியார் உக்காந்து வியாபாரம் பண்ணிட்டு இருக்கார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கிளம்பும்போது பிரசன்னா மனைவி காயத்ரி, "எல்லார் கண்ணும் அது மேலதான் அண்ணா. ஆயுத பூஜை அன்னிக்கு திருஷ்டி கழிக்கணும். நீங்க கண்டிப்பா வரணும்" என்றாள்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

ஆபீஸிலிருந்து நேராக அவர்கள் வீடு. உமா வரவில்லை, தலைவலி.

கராஜில் மேஜை போட்டு வரிசையாக: அவன் லேப்டாப், உளிகள், அரங்கள், காயத்ரியின் தையல் மெஷின், நடுவில் துப்பாக்கி, ஸ்டாண்டில். கற்பூரம். பொரி, கடலை. புகைக்கு அலாரம் அடித்தது, அட்டையால் விசிறி அணைத்தோம். பிறகு காயத்ரி, "மெஷின் ஆளு நீங்கதான், உங்க கையால பொட்டு வெச்சுடுங்க அண்ணா" என்று தட்டைக் கொடுத்தாள். "மரத்துல மட்டும் வேணாம் அண்ணா, கறை புடிச்சுடும். இரும்புல வெச்சுக்கலாம்" என்றான் பிரசன்னா.

உலர்ந்த குங்குமம் இரும்பை ஒன்றும் செய்யாது. அது எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன்.

வெட்டிய எலுமிச்சம்பழம், குங்குமம் தடவியது. ஒரு மூடியை வாசற்படியில் வைத்தேன். இன்னொரு மூடியைக் கார் டயருக்கு வைக்கச் சொன்னாள் காயத்ரி. வைக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் காருக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்கள். மூடியைப் பேரல் மேல் வைத்தேன். வெட்டிய பக்கம் கீழே. உருளாமல் இருக்க ஒரு தரம் அழுத்தினேன்.

அம்பத்தூரில் ஒரு பையன் பூஜை அன்று அளவுக் கருவி மேல் இப்படி வைத்துவிட்டான். மறுநாள் ஃபோர்மேன் போட்ட சத்தம் அடுத்த கம்பெனி வரை கேட்டது. எலுமிச்சைச் சாறு இரும்பை என்ன செய்யும் என்று எனக்கு இருபது வருடமாகத் தெரியும்.

விஜயதசமி காலை வரை எதையும் தொடக் கூடாது. யாரும் தொட மாட்டார்கள்.

திருஷ்டிக்கு வைக்கிற பழம். அந்தக் கண்ணே நான்தான். பொரி ஒரு கவர் கொடுத்தார்கள். காரிலேயே தின்றுவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

7.10-க்கு போன். பிரசன்னா.

"அண்ணா, பேரல் போச்சு அண்ணா." ஃபோட்டோ அனுப்பியிருந்தான். நிறம் முழுக்க அரித்துப்போய் ஒரு சாம்பல் வட்டம், அரை டாலர் காசு அளவு. ஓரத்தில் துரு.

"நான்தான் சொதப்பிட்டேன். கடைசி தடவை சரியா அலசல போல. கெமிக்கல் உள்ளயே நின்னு இப்ப வெளிய வந்திருக்கு."

பூவையும் பழத்தையும் காயத்ரி அதற்குள் எடுத்துவிட்டாள் போல; எலுமிச்சம்பழத்தின் பக்கமே அவன் நினைப்பு போகவில்லை. பூஜைப் பழத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

"சனிக்கிழமை எடுத்துட்டு வா, பாக்கலாம்" என்றேன்.

மதியம் தயிர்சாதம் இரண்டு தரம் போட்டுக்கொண்டேன். அவ்வளவு பசி. மூன்று மணிக்கு அளவெடுக்க உட்கார்ந்தேன். ஒரே துண்டை நாலு தடவை அளந்தேன், நாலு அளவு வந்தது.

அக்டோபர் 4, சனி

போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தான். கண் சிவந்திருந்தது. "உங்களத் தவிர யார் கையிலயும் குடுக்க மாட்டேன் அண்ணா."

வட்டத்தை மட்டும் சரிசெய்ய முடியாது. முழுப் பேரலையும் வெள்ளையாகத் தேய்த்து, முதலிலிருந்து நிறம் ஏற்ற வேண்டும். சொன்னேன். தலையாட்டினான். மான் வேட்டை சீசன் நவம்பர் 1 ஆரம்பம். நான்கு வாரம்.

அவன் போனபின் மரத்திலிருந்து இரும்பைக் கழற்றினேன். உள்ளே பார்க்கத்தான் ஆசை. வெளியே பளபளப்பாக வைத்துவிட்டு உள்ளே பசையைக் கொட்டி அடைக்கிறவர்கள் உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தேன். யாரும் பார்க்காத இடத்தில்கூட உளி பாய்ந்த தடம் இல்லை. விளக்குக் கரி அங்கங்கே மெல்லிசாக, ஒரே சீராக. நான் சொன்ன மாதிரியே செய்திருக்கிறான். நான் சொன்னதைவிட நன்றாகவே செய்திருக்கிறான்.

அக்டோபர் 9, வியாழன்

கொலு எடுத்தாயிற்று. கட்டை மறுபடி பரணில்.

தினமும் ஆபீஸ் விட்டதும் கராஜ். எமரித் தாள், மர அச்சில் சுற்றி, நீளவாக்கில். முரடு, நடு, மெது. குறுக்கே ஒரு கீறல் விழக் கூடாது. விரல் நுனி எல்லாம் கறுப்பு. தோள் வலி இல்லை! எங்கே போயிற்று?

இந்த ஐந்து நாளில் அவன் துப்பாக்கி என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. என்னுடையது மாதிரியே இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டு உமா நாலு தரம் கத்தினாள். "புதுசா கல்யாணம் ஆனவன் மாதிரி உள்ள என்னதான் பண்றீங்க?"

வாங்க வேண்டியது: காய்ச்சி வடித்த நீர் 6 கேலன், மெல்லிய இரும்புக் கம்பளி (பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி, எண்ணெய் இல்லாதது), ரப்பர் கையுறை. உமாவுக்குக் கறிவேப்பிலை.

அக்டோபர் 11, சனி

நடந்ததை நடந்தபடி.

பிரசன்னா பதினோரு மணிக்கு வந்தான். பேரலைப் பார்த்து, "அண்ணா! கண்ணாடி அண்ணா இது!" என்றான். கையில் சின்ன மரப்பெட்டி, இரும்பில் எழுத்துப் பதிக்கிற பஞ்ச் செட்.

"பேரலுக்கு அடில, மரத்துக்குள்ள மறையற இடத்துல, செஞ்சவங்க பேர அடிப்பாங்களாம். ப்ளூயிங் பண்ணி நிறம் ஏத்தறதுக்கு முன்னாடி அடிச்சுடலாம். ரெண்டு பேர் பேரும். உங்க பேரு மொதல்ல. நீங்களே அடிங்க, என் கை கோணிக்கும்."

பேரலை வைஸ் இடுக்கியில் மாட்டினேன். M எழுத்தை எடுத்து வைத்தேன். சுத்தியைத் தூக்கினேன். இறக்க முடியவில்லை.

"அந்த லெமன் நான் வெச்சது" என்றேன்.

"எந்த லெமன்?"

"பூஜை அன்னிக்கு. டயருக்கு வெக்கச் சொன்னத பேரல் மேல வெச்சேன். வெட்டின பக்கம் கீழ. நிறம் போயிடும்னு தெரிஞ்சேதான் வெச்சேன்."

சிரித்தான் முதலில். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான்.

"ஏன் அண்ணா?"

"வயித்தெரிச்சல்டா. வேற என்ன சொல்ல."

சுத்தியை மேஜையில் வைத்தேன்.

"நான் மூணு நாள் தூங்கல" என்றான். "எந்த ஸ்டெப்ல தப்பு பண்ணேன்னு நோட்டு முழுக்கப் பொரட்டிட்டே இருந்தேன். காயத்ரி கிட்ட, எனக்கெல்லாம் இது வராது, இதோட விட்டுடறேன்னு சொன்னேன்."

என் கையிலிருந்த M-ஐ வாங்கினான். பெட்டியில் அதன் இடத்தில் வைத்தான். மூடினான். போய்விட்டான். பேரலை எடுத்துப் போகவில்லை.

உமா எட்டிப் பார்த்தாள். "என்ன, டீ கூட குடிக்காம போறான்?" சொன்னேன். உட்கார்ந்துவிட்டாள். "உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கு."

அக்டோபர் 13, திங்கள்

வெள்ளை இரும்பை அப்படியே விட்டால் இரண்டு நாளில் கண்ட இடத்தில் துருப்பிடிக்கும். முடித்துத்தான் ஆக வேண்டும். அவன் கேட்காவிட்டாலும்.

விருந்தினர் குளியலறை. வெந்நீர் ஷவரைத் திறந்து ஆவி. மருந்து தடவிய பேரல், திரைக் கம்பியில் தொங்குகிறது. நான்கு மணி நேரத்தில் மெல்லிய செந்துரு. கொதிநீர்த் தொட்டியில் இருபது நிமிஷம், கறுத்து வருகிறது. கம்பளியால் தேய்ப்பு. ஒன்று.

காற்றில் எண்ணெய் இருந்தால் அங்கங்கே பிடிக்காது. ஐந்து நாள் வீட்டில் தாளிக்கக் கூடாது என்றேன். உமா தாளிக்காத சாம்பாரைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 17, வெள்ளி

ஏழு. போதுமா என்று பார்த்து, எட்டாவதும் போட்டேன். எண்ணெய் தடவி வெளிச்சத்தில் திருப்பினேன். நன்றாக வந்திருக்கிறது. அவனுடையதைவிட நன்றாக. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது, என்ன ஜென்மமோ நான்!

அக்டோபர் 18, சனி

கொண்டுபோய்க் கொடுத்தேன். காயத்ரி கதவைப் பாதி திறந்தாள். "அவர் வெளிய போயிருக்கார்" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை. அவன் கார் டிரைவ்வேயில் நின்றிருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. லீவு போடவில்லை. உமா செய்த மைசூர்பாகு, கல். மகள் வீடியோ காலில்: "ஹேப்பி தீபாவளி அப்பா, வொய் ஸோ டல்?" ஒவ்வொரு வருடமும் முதலில் வருவது பிரசன்னா வீட்டு ஸ்வீட் டப்பா. வரவில்லை. உமா நம் டப்பாவைக் கட்டி வைத்திருந்தாள். அது மேஜையிலேயே கிடக்கிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

பரணிலிருந்து கட்டையை இறக்கினேன். செட்டியார் நின்ற இடத்தில் குங்குமக் கறை, வட்டமாக. மேலோடுதான். இழைத்தால் போய்விடும். பென்சிலால் ஒரு பக்கம் உருவம் வரைந்தேன். அழித்தேன். மறுபடி வரைந்தேன். இந்தத் தடவை அழிக்கவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

ஹாலோவீன். மிட்டாய்க் கிண்ணத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தபோது மெசேஜ். இருபது நாளில் முதல்.

"காலைல 4 மணிக்குக் கிளம்பறேன். வரதுன்னா வாங்க. உங்க துப்பாக்கிய எடுத்துட்டு வாங்க. என்னோடதத் தொடக் கூடாது."

மூன்று தரம் படித்தேன். என் துப்பாக்கி என்றால் லைசென்ஸ் வாங்கியபோது கடையில் எடுத்தது. "சரி" என்று அனுப்பினேன்.

உமாவிடம் காட்டினேன். "நாளைக்கு என்ன கட்டித் தரட்டும்? லெமன் சாதம்?" என்றாள். பார்த்தேன். "சரி சரி, புளிசாதம்."

நவம்பர் 1, சனி

மூன்று மணி நேர டிரைவ். நடுவில் ஒரே ஒரு தரம், "காபி வேணுமா?" என்றான். வேண்டும் என்றேன். வாங்கிக் கொடுத்தான்.

வேட்டைப் பண்ணையில் இறங்கியபோது இருட்டு, என் துப்பாக்கியைக் காரிலேயே விட்டேன். நேற்று மழை, பூட்ஸ் முழுக்க சேறு. முள்கம்பி வேலி. அவன் போல்ட்டைத் திறந்தான், காலி. நான் கை நீட்டவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றித் தரையில் விரித்து, அதன் மேல் துப்பாக்கியை வைத்துவிட்டு, கம்பியைத் தாண்டினான். அந்தக் குளிரில், வெறும் சட்டையோடு. சேறான ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

மறைவிடத்தில் இரண்டு நாற்காலி. வெளிச்சம் வந்தது. அவன் மடியில் துப்பாக்கி. பேரல் நீலமாகத் தெரிய ஆரம்பித்தது. அந்த வட்டம் இருந்த இடத்தைத் தேடினேன். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு விரல் வைப்பேன்.

ஒன்பதரைக்கு ஒரு பெண் மான், கூடவே குட்டி. அவன் தூக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தோம். போய்விட்டது. புளிசாதம் சாப்பிட்டோம். "தாளிப்பு தூக்கலா இருக்கு" என்றான்.

பதினொன்றுக்குக் கிளம்பினோம். மறுபடி அதே வேலி. போல்ட்டைத் திறந்தான். விரல் விட்டுக் காலிதான் என்று பார்த்தான். என் கைகளைப் பார்த்தான்.

"பிடிங்க" என்றான்.

கையை பேன்ட்டில் இரண்டு தரம் துடைத்தேன். வேர்வை பேரலில் படாமல், மரத்தில் பிடித்து வாங்கினேன். அவன் கம்பியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினான். திரும்பிக் கை நீட்டினான்.

"குடுங்க."

கொடுத்தேன்.